குப்பை என்று பெயர் வைத்தால் நஞ்சு போய்விடுமா?

"பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!" என்று கூவிக்கொண்டு தெருத் தெருவாய் வந்த வியாபாரியை நம்மில் பலருக்கு நினைவிருக்கும். ஓட்டைக் குடத்தைப் போட்டால் ஒரு கைப்பிடிப் பழம். நமக்கு வேண்டாத பொருள் இன்னொருவருக்கு வேண்டியிருக்கிறது; கொடுத்தவருக்கும் நட்டமில்லை, வாங்கியவருக்கும் நட்டமில்லை. நாணயமான வியாபாரம். அதைக் குறைகூற நாம் இதை எழுதவில்லை. அதே தராசில், அதே "பழைய சாமான்" என்ற பெயரில், ஆலைகளின் பின்வாசல் வழியாக இன்னொரு சரக்கும் வெளியேறுகிறதே, அதைப்பற்றித்தான் இன்று தோழர்களிடம் பேச விரும்புகிறோம்.

கொடைக்கானலை எடுத்துக்கொள்வோம். ஏரியும் படகும் பனியும் பார்க்க உல்லாசப் பயணிகள் போகும் கொடைக்கானல்தான். 1983-ஆம் ஆண்டு அந்த மலைமேல், காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் செய்யும் ஆலை ஒன்று வந்து உட்கார்ந்தது. புத்தம் புதிய ஆலையா? இல்லை. அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில், வாட்டர்டவுன் என்ற ஊரில் ஓடிக்கொண்டிருந்த ஆலை. அங்கே மூடினார்கள், பெயர்த்தெடுத்தார்கள், இங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். முதலில் பாண்ட்ஸ் கம்பெனியின் பெயரில் நடந்தது, பிறகு இந்துஸ்தான் லீவர் கைக்குப் போயிற்று.

பாதரசம் வெளிநாட்டிலிருந்து வந்தது. கண்ணாடியும் வெளிநாட்டிலிருந்து வந்தது. செய்து முடித்த தெர்மாமீட்டர் வெளிநாட்டுக்கே திரும்பிப் போயிற்று. அப்படியானால் இந்த மலைக்கு மிஞ்சியது என்ன? சில நூறு பேருக்குக் கூலி மிஞ்சியது. உடைந்த கண்ணாடி மிஞ்சியது. கண்ணாடியில் ஒட்டிய பாதரசம் மிஞ்சியது. பொன் செய்கிறேன் என்று பாதரசத்தைக் காய்ச்சிக் காய்ச்சிப் பொருளையும் உயிரையும் இழந்தவர்கள் கதை நம் நாட்டில் ஏராளம். கம்பெனிக்கு அந்தக் கதி இல்லை. அதற்குப் பொன் கிடைத்தது, காய்ச்சியவனுக்குத்தான் புகை.

பாதரசம் பார்க்க அழகான பொருள். வெள்ளியை உருக்கிச் சொட்டவிட்டதுபோல் உருண்டோடும். நீரைக் காட்டிலும் பதின்மூன்று மடங்குக்கு மேல் கனம். உள்ளங்கையில் வைத்து உருட்டி விளையாடாத பள்ளிப் பிள்ளை உண்டா? ஆனால் அதன் கேடு உருளும் துளியில் மட்டும் இல்லை. அடுப்பில் வைக்காமலே, சாதாரண அறைச் சூட்டிலேயே அது ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமில்லை, மணமில்லை. மூச்சோடு உள்ளே போய், இரத்தத்தில் கலந்து, மூளையிலும் சிறுநீரகத்திலும் தங்கிவிடும். கை நடுங்கும். ஈறு வீங்கி இரத்தம் கசியும். தூக்கம் போகும், ஞாபகம் மங்கும், காரணமில்லாமல் கோபம் வரும். இவனுக்குச் சொன்னது நினைவிலே நிற்பதில்லை என்று மேஸ்திரி திட்டுவார்; எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாரே என்று வீட்டில் நொந்துகொள்வார்கள். நஞ்சு என்று மட்டும் எவரும் சொல்லமாட்டார்கள். வேலைக்குப் போட்டுப்போன சட்டையோடு அது வீட்டுக்கும் வரும். கருவுற்ற பெண்ணின் வயிற்றுக்குள் இருக்கும் சிசுவையும் அது விடுவதில்லை.

தண்ணீரில் சேர்ந்தாலோ கதை இன்னும் கொடிது. சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதை வேறொரு கூட்டுப்பொருளாக மாற்றுகின்றன. அது சிறு மீனுக்குள் போகிறது. சிறு மீனைத் தின்ற பெரிய மீனுக்குள் பெருகுகிறது. பெரிய மீன் நம் குழம்புச் சட்டிக்கு வருகிறது. ஜப்பானில் மினமாட்டா என்ற கடற்கரை ஊரில் நடந்தது இதுதான். சிஸ்ஸோ என்ற இரசாயனக் கம்பெனி பாதரசக் கழிவை விரிகுடாவில் விட்டது. மீன் தின்ற பூனைகள் பைத்தியம் பிடித்துச் செத்தன. பிறகு மீனவர் குடும்பங்கள் கைகால் இழுத்துக்கொண்டு விழுந்தன. நோய் 1956-இல் வெளிச்சத்துக்கு வந்தது. ஆலைக் கழிவுதான் காரணம் என்று சர்க்கார் வாய்திறக்க 1968 ஆயிற்று. இடையிலே பன்னிரண்டு ஆண்டுகள்! ஒரு கம்பெனியின் கணக்குப் புத்தகத்துக்குப் பன்னிரண்டு ஆண்டு அதிகமில்லை. ஒரு தாயின் வயிற்றுக்கு அதிகம்.

இப்போது தோழர்கள் ஒன்றை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பாதரசம் ஒரு தனிமம். அதை அழிக்கமுடியாது. எரித்தால் சாம்பலாகாது, ஆவியாகிக் காற்றில் போய் மழையோடு வேறோர் ஊரில் இறங்கும். புதைத்தால் மக்காது, புதைத்தவன் பேரப்பிள்ளை தோண்டினாலும் அப்படியே இருக்கும். கழுவி ஊற்றினால் ஓடையில் போகும். எரிப்பது, புதைப்பது, கழுவுவது என்று வழக்கமாக நாம் குப்பையைத் தொலைக்கும் வழிகள் எதற்கும் அது கட்டுப்படாது. மிச்சம் இருக்கும் வழிகள் இரண்டே. காய்ச்சி வடித்துப் பாதரசமாகவே திரும்ப எடுத்துப் பூட்டி வைக்கலாம்; அல்லது கந்தகத்தோடு சேர்த்துக் கரையாத பொருளாக்கி, கசிவு இல்லாத இடத்தில் காவலோடு வைக்கலாம். இரண்டுக்கும் செலவு உண்டு. பழைய சாமான் கடைக்காரருக்கு விற்றாலோ செலவு இல்லை, எதிரே பணமும் வரும். புரிகிறதல்லவா?

2001 மார்ச் மாதம், கொடைக்கானல் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய சாமான் கடையில், உடைந்த தெர்மாமீட்டர் கண்ணாடி சாக்குச் சாக்காய்க் கிடப்பதை ஊர் மக்களும் கிரீன்பீஸ் இயக்கத்தாரும் கண்டுபிடித்து உலகத்துக்குக் காட்டினார்கள். எடை 7.4 டன். கிழிந்த சாக்குகள். அவற்றைச் சுமந்தவருக்கும் கொட்டியவருக்கும் பிரித்தவருக்கும் உள்ளே இருப்பது இன்னதென்று எவரும் சொல்லியிருக்கவில்லை. கம்பெனி என்ன சொல்லிற்று தெரியுமா? எங்கள் நடைமுறை விதிகளை மீறி அந்தச் சரக்கு கடைக்குப் போய்விட்டதாம்! சாக்குகளுக்குக் கால் முளைத்து நடந்தே போயிருக்கும் போலும்.

ஆலை அந்த ஆண்டே மூடப்பட்டது. ஆலைக்குப் பின்னால் பாம்பார் சோலை. அந்தச் சரிவில் விழும் நீர் கும்பக்கரைப் பக்கம் இறங்குகிறது. அணுசக்தித் துறையைச் சேர்ந்த ஐதராபாத் ஆய்வுக்கூடத்தார் கொடைக்கானல் ஏரியின் நீரையும் வண்டலையும் மீனையும் சோதித்து, பாதரசம் கலந்திருப்பதை 2006-இல் வெளியிட்டார்கள். ஆலையால் எங்கள் தொழிலாளர் எவருக்கும் உடல் கெடவில்லை என்று கம்பெனி சாதித்தது. தொழிலாளர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஆண்டுகள் ஓடின. 2016 மார்ச்சில் 591 பழைய தொழிலாளர்களோடும் குடும்பங்களோடும் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. மனிதாபிமானத்தால் கொடுக்கும் உதவி என்று அதற்குப் பெயர். தொகை எவ்வளவென்று வெளியே சொல்லவில்லை. கொடுத்த கை கொடுத்ததைச் சொல்லக் கூசியது ஏன் என்று நாம் கேட்கிறோம்.

ஆயினும் ஒரு வெற்றியைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. 2003-ஆம் ஆண்டு, அந்த ஆலையில் மிஞ்சிய பாதரசமும் பாதரசம் தோய்ந்த கண்ணாடியும் கசடுமாக 290 டன், தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போயிற்று, அங்கே காய்ச்சி வடிக்கப்படுவதற்காக! பணக்கார நாட்டின் நஞ்சு ஏழை நாட்டுக்கு வருவதைத்தான் உலகம் பார்த்திருந்தது. வந்த வழியே அது திரும்பியதைக் கொடைக்கானலின் கூலிக்காரர்களும் கடைக்காரர்களும் செய்து காட்டினார்கள். மண்ணில் இறங்கியது மட்டும் கப்பலேறவில்லை. ஆலை மூடிப் பதினைந்து ஆண்டு கடந்தும் அந்த மண்ணை எவ்வளவு சுத்தம் செய்வது, ஒரு கிலோவில் எத்தனை மில்லிகிராம் மிஞ்சலாம் என்று வாதம் நடந்துகொண்டிருந்தது.

இதில் நாம் கவனிக்கவேண்டிய சூட்சுமம் கைமாறுவதில் இருக்கிறது. ஆலைக்குள் இருக்கும்வரை அந்தப் பொருளுக்குப் பெயர் உண்டு, கணக்கு உண்டு, அதன் குணம் தெரிந்த என்ஜினீயர் உண்டு. காண்டிராக்டர் கைக்கு வந்ததும் பெயர் போய்விடுகிறது. எடை மட்டும் மிஞ்சுகிறது. பழைய சாமான் கடைக்கு வந்ததும் "கண்ணாடி", "இரும்பு", "ஈயம்" என்று ஆகிவிடுகிறது. கடைசியில் அதைச் சம்மட்டியால் உடைப்பவனும் வெறுங்கையால் பொறுக்குபவளும் யார்? எழுத்து வாசனை இல்லாத, நாட்கூலிக்கு வந்த நம்மவர்கள். ஒவ்வொரு கை மாறும்போதும் விலை குறைகிறது, விவரம் குறைகிறது. நஞ்சு மட்டும் குறைவதில்லை.

டில்லி மாயாபுரியில் 2010-இல் நடந்ததும் இதே கூத்துத்தான். ஒரு பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கணக்கில் தூங்கிய கதிர்வீச்சுக் கருவியை ஏலம் போட்டார்கள். படித்த மேதைகள் நிறைந்த இடம் அது! கருவிக்குள் கோபால்ட்-60 இருந்தது. பழைய இரும்பு என்று வாங்கிப் பிரித்த தொழிலாளிகளின் தோல் கருகிற்று, முடி கொட்டிற்று. ஒருவர் மாண்டே போனார்.

கைமாற்றாமல் தன் காம்பவுண்டுக்குள்ளேயே கொட்டிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். இராணிப்பேட்டையில் ஒரு குரோமேட் ஆலை. 1970-களில் தொடங்கி 1990-களின் நடுவில் மூடிக்கொண்டது. மூடும்போது கதவைப் பூட்டினார்கள், சாவியை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு மலையை மறந்துவிட்டார்கள்! குரோமியத்தில் இரண்டு வகை முக்கியம். தோல் பதனிட உதவுவது ஒரு வகை, கேடு குறைவு. மற்றது ஆறிணைய குரோமியம் என்பது. தண்ணீரில் எளிதில் கரையும், மூச்சில் போனால் நுரையீரலில் புற்றுநோய் தரும், தோலில் பட்டால் ஆறாத புண்ணாகும். அந்த மலையில் இருந்தது இந்த இரண்டாவது வகை. மழை பெய்யும்போதெல்லாம் மஞ்சள் நிறத்தில் கசிந்து நிலத்தடி நீரில் இறங்கிற்று. இதற்கு மருந்து இல்லையா? இருக்கிறது. இரும்புச் சத்துள்ள உப்பைச் சேர்த்தால் ஆறிணையம் கேடு குறைந்த வகையாக மாறும். பள்ளிக்கூட இரசாயனம் இது. ஆலை ஓடியபோதே அன்றாடம் செய்திருந்தால் மூட்டைக் கணக்கில் முடிந்திருக்கும். மலையாய்ச் சேர்ந்தபின் கோடிக் கணக்கில் ஆகிறது. அந்தக் கோடியைக் கேட்டால் பொதுமக்கள் வரிப்பணத்தைக் காட்டுகிறார்கள்.

அதே இராணிப்பேட்டை சிப்காட்டில், 2015 ஜனவரி 31 அதிகாலை, தோல் ஆலைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடு தேக்கியிருந்த தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்து ஆலையிலேயே படுத்துத் தூங்கிய தொழிலாளர் மேல் கசடு பாய்ந்தது. பத்துப் பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். படுக்க ஓர் அறை இருந்திருந்தால் அங்கே படுத்திருப்பார்களா? நஞ்சைப்பற்றிப் பேசும்போது இரசாயனம் மட்டும் பேசினால் போதாது. தொழிலாளி எங்கே தூங்குகிறான் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

எல்லாவற்றையும் கொளுத்திவிட்டால் தீர்ந்தது என்று சொல்லும் பண்டிதர்களும் உண்டு. போபாலைப் பாருங்கள். 1984 டிசம்பரில் விஷவாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அந்த ஆலையின் வளாகத்தில் கிடந்த கழிவில் 337 டன்னை மூட்டைகட்டி வெளியே எடுக்க நாற்பது ஆண்டு ஆயிற்று. 2025 ஜனவரியில் பன்னிரண்டு லாரிகளில் பீதம்பூருக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் ஊர் என்ன, உங்கள் குப்பைமேடா என்று பீதம்பூர் மக்கள் கொதித்தெழுந்தார்கள். கோர்ட்டுக் கண்காணிப்பில் அவ்வாண்டு ஜூன் இறுதிக்குள் எரித்து முடித்தார்கள். மிஞ்சிய சாம்பலும் கசடும் எவ்வளவு? எரித்ததைப்போல் இரண்டு மடங்குக்கு மேல்! எரியும்போது கிளம்பும் அமிலப் புகையை அடக்கச் சுண்ணாம்பு முதலியன சேர்க்கிறார்களே, அதுவும் சேர்ந்து எடை கூடுகிறது. உயர்ந்த வெப்பத்தில், புகை வடிகட்டியோடு எரிக்கும் சூளையில் பூச்சிமருந்து போன்ற சில நஞ்சுகள் சிதைவது உண்மை. ஈயமோ பாதரசமோ குரோமியமோ சிதைவதில்லை. சாம்பலுக்கு மறுபடி காவல் போடத்தான் வேண்டும். சூளைக்கே இந்த நிலை என்றால், கொல்லையில் வயரைக் கொளுத்திச் செம்பு எடுக்கிறார்களே, அந்தக் கரும்புகையின் யோக்கியதையை நாம் சொல்லவேண்டியதில்லை.

நம் கையிலும் சில இருக்கின்றன. வீட்டில் தெர்மாமீட்டர் உடைந்தால் விளக்குமாற்றை எடுக்காதீர்கள். பெருக்கினால் துளி ஆயிரம் துளியாகி மூலை முடுக்கெல்லாம் போகும். பிள்ளைகளை வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்து, மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிட்டு (பாதரசம் தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும்), இரண்டு தடித்த அட்டைகளால் துளிகளைக் கூட்டி மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் விட்டு இறுக மூடுங்கள். சாக்கடையில் ஊற்றாதீர்கள். எரிந்துபோன குழல் விளக்கிலும் சிறிது பாதரசம் உண்டு. உடைத்து வேடிக்கை பார்க்கும் பொருளல்ல அது. பூச்சிமருந்து வந்த டப்பாவில் குடிதண்ணீர் பிடித்துவைக்கும் வழக்கம் இன்னும் சில கிராமங்களில் இருக்கிறது; எத்தனை முறை கழுவினாலும் கூடாது, ஓட்டை போட்டுவிடுங்கள். லாரிப் பாட்டரியைக் கொல்லையில் உடைத்து ஈயம் காய்ச்சுகிறவர், அந்தப் புகையைத் தன் குழந்தையின் மூளைக்கு ஊட்டுகிறார். படிப்பு ஏறவில்லை என்று பிற்பாடு வாத்தியாரைக் குறைசொல்லிப் பயனில்லை. ஆலையில் இரசாயனம் கையாளுகிறவர்கள் வேலை உடுப்பை அங்கேயே களைந்து, குளித்துவிட்டு வீடு திரும்ப இடமும் நேரமும் கேட்க வேண்டும். சோப்புக்கும் தண்ணீருக்கும் போராடுவதா என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

ஆனால் பெரும்பங்கு நம் கையில் இல்லை, ஆலை நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. அதைச் சட்டமும் ஒப்புக்கொள்கிறது. போபாலுக்குப் பிறகு 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1989-இல் அபாயக் கழிவுக்கென்று விதிகள் வந்தன. 2016-இல் அவற்றைத் திருத்தி எழுதினார்கள். அந்த விதிப்படி, கழிவை உண்டாக்கியவனே அதற்குப் பொறுப்பு. 90 நாளுக்கு மேல் ஆலையில் குவித்து வைக்கலாகாது. வெளியே அனுப்பும் ஒவ்வொரு லோடுக்கும் ஏழு நகல் சீட்டு. அனுப்பியவர், ஏற்றிச் சென்றவர், பெற்றுக்கொண்டவர், மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் என்று ஒவ்வொருவரிடமும் ஒரு நகல். கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற, அடியில் கசிவுத் தடுப்பு விரித்த, அனுமதி பெற்ற களத்துக்குத்தான் புதைக்கும் கழிவு போகவேண்டும். சட்டம் நன்றாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. இரவு இரண்டு மணிக்குச் சீட்டில்லாமல் கேட்டைத் தாண்டும் டாங்கர் லாரியைப் பார்ப்பது யார்? வாரியத்து அதிகாரி அந்நேரம் தூங்குவார். அது அவர் குற்றமல்ல. பார்ப்பவன் நைட் ஷிப்ட் தொழிலாளி. லோடு ஏற்றுபவனும் அவனே. லாரி ஓட்டுபவனும் நம் தோழனே. சீட்டு எங்கே, இது என்ன பொருள், எந்த ஊருக்குப் போகிறது என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டால், கண்மாய்க் கரையில் கவிழ்க்கப்படும் லோடுகளில் பாதி கிளம்பவே கிளம்பாது என்பது நம் எண்ணம். தனியாகக் கேட்டால் வேலை போகும்; சங்கமாகக் கேட்க வேண்டும்.

இன்னொன்று. 2003 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. அபாய இரசாயனத்தையும் கழிவையும் கையாளும் ஆலைகள், என்னென்ன பொருள், எவ்வளவு, என்ன கழிவு வெளியாகிறது என்பதை ஆலை வாசலுக்கு வெளியே பலகையில், வட்டார மொழியிலும் எழுதி வைக்கவேண்டும் என்று. நாளைக் காலை வேலைக்குப் போகும்போது தோழர்கள் தங்கள் ஆலை வாசலைச் சற்று நின்று பாருங்கள். பலகை இருக்கிறதா? இருந்தால் தமிழில் இருக்கிறதா, அல்லது யாருக்கும் விளங்காத ஆங்கிலச் சுருக்கெழுத்தில் இருக்கிறதா? கடைசியாக எந்த மாதத்துக் கணக்கு எழுதப்பட்டிருக்கிறது? பலகையே இல்லையென்றால், சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் போனசுக்கு முன்னால் முதல் பொருளாக இதை எழுதிக்கொள்ளுங்கள்.